நூற்றுப் பதினேழாம் எண் தாம்பூலப் பை

காலை பதினொன்று நாற்பத்து மூன்றுக்கு வைதேகி பையைத் திறந்தாள். உள்ளே தேங்காய் இருந்தது.

மறுபடி பார்த்தாள். தேங்காய்தான். குடுமியோடு. அதன் கீழே வெற்றிலை, பாக்கு, இரண்டு மஞ்சள் கிழங்கு, குங்குமப் பொட்டலம், பச்சை நிற ரவிக்கைத் துணி, ஒரு ரவா லட்டு. ஷூ இல்லை. சாக்ஸ் இல்லை. தொப்பியும் இல்லை.

ஏரியில் ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நீந்தியாகிவிட்டது. தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தாகிவிட்டது. மிச்சம் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். பிற்பகல் மூன்று மணிக்குள் முடிவுக் கோட்டைத் தாண்டினால் முடித்தவர் பட்டியலில் பெயர் வரும். ஒரு விநாடி பிந்தினாலும் வராது.

சைக்கிள் நிறுத்தும் பந்தலில் ஒரு தன்னார்வலர் பெண் நின்றிருந்தாள். கல்லூரி வயது. எட்டிப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"காக்கிமா, கீ ஹோலோ?"

"ஜுதோ நேய்," என்றாள் வைதேகி. ஷூ இல்லை என்று சொல்லும் அளவுக்கு அவளுக்கு வங்காளம் வரும்.

பெண் தேங்காயைப் பார்த்தாள். முகத்தில் பக்தி வந்தது. "பூஜோ?"

"பூஜை இல்லை. ஹஸ்பெண்ட்."

பெண் எல்லாம் புரிந்ததுபோலத் தலையாட்டினாள்.

பையின் வெளிப்பக்கம் 117 என்ற எண் ஒட்டியிருந்தது. நேராக. நான்கு மூலையும் மடங்காமல். அதன் கீழே மஞ்சள் துணியில் சிவப்பு அச்சு: சாய்பிரியா – அஸ்வத் திருமணம், ஸ்ரீரங்கம்.

*

சவால் அக்டோபரில் ஆரம்பித்தது. கொல்கத்தா லேக் கார்டன்ஸில், பரமசிவம் வீட்டில்.

பரமசிவம் தமிழ் மன்றத்துக்கு ஒன்பது வருடமாகச் செயலாளர். திருநெல்வேலிக்காரர். ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் சட்டப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். விதி எண் சொல்லாமல் அவருக்குக் காபிகூடக் கேட்க வராது என்பாள் அவர் மனைவி தமயந்தி.

அன்றைக்குச் செயற்குழு. பதவியை இறக்கி வைக்க அவர் ஆள் தேடினார்.

"விதி ஒன்பது இ. ஒரே ஆளு பத்து வருசத்துக்கு மேல செயலாளரா இருக்கக் கூடாது. எனக்கு ஒன்பது முடிஞ்சிட்டு. யாராவது எடுத்துக்கிடுங்க."

எல்லோரும் அவரவர் தட்டிலிருந்த வடையைப் பார்த்தார்கள்.

செயலாளர் வேலை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்குக் கூட்டம். சித்திரை விழாவுக்கு நாற்பது குழந்தைகள். நாற்பது குழந்தைகளுக்கு நாற்பது அம்மாக்கள். மைக் செட் தகராறு. கேசரியில் முந்திரி போதவில்லை என்ற புகார்.

பரமசிவத்தின் பார்வை சுற்றி வந்து வைதேகியிடம் நின்றது.

"வைதேகிக்குத்தான் இப்ப நேரம் கெடக்கு. பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சுல்லா."

ஒரு வருடமாக வைதேகி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் கேட்டாள். குடியிருப்புச் சங்கத்தில் கேட்டாள். நாத்தனார் ஃபோனில் சொன்னாள். அவளுக்கு ஐம்பத்தொரு வயது. மகள் பெங்களூர் போன மறுவாரமே எல்லோரும் அவளுடைய நேரத்தைப் பங்கு போட வந்துவிட்டார்கள்.

"எனக்கு நேரம் இல்லை, அண்ணாச்சி. ஞாயித்துக்கெழமை காலம்பற நீந்தறேன். அப்பறம் சைக்கிள். அப்பறம் ஓட்டம்."

"எதுக்கு?"

"ஜனவரில டிரையத்லான் இருக்கு. நீளமானது. மொத்தம் நூத்திப் பதிமூணு கிலோமீட்டர்."

"யாரு கார்ல?" என்றார் பரமசிவம்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் ரங்கநாதனும் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"முடிக்கலைன்னா நான்தான் செயலாளர்," என்றாள் வைதேகி. "மினிட்ஸ்ல எழுதிக்கோங்கோ. முடிச்சா?"

"முடிச்சா பத்தாவது வருசமும் நானே இருந்துட்டுப் போறேன்."

"அது போறாது. அடுத்த வருஷம் அதே ஏரில நீங்க இறங்கணும். சின்ன தூரம்தான். எழுநூத்தம்பது மீட்டர் நீச்சல், இருபது கிலோமீட்டர் சைக்கிள், அஞ்சு கிலோமீட்டர் ஓட்டம்."

பரமசிவம் யோசித்தார். சமையலறை வாசலில் தமயந்தி கரண்டியோடு நின்றாள்.

"ஒத்துக்கிடுங்க," என்றாள். "நான் சாட்சி."

பரமசிவம் ஒத்துக்கொண்டார். கூடவே போட்டியின் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். முப்பத்திரண்டு பக்கம். அச்செடுத்து, துளை போட்டு, ஒரு கோப்பில் கட்டி வைத்தார்.

*

வைதேகி நீந்தக் கற்றதே நாற்பத்தொன்பதாவது வயதில். ரவீந்திர சரோவர் அருகே ஒரு குளத்தில், ஏழு வயதுப் பிள்ளைகளோடு. முதல் மாதம் அவள் சுவரைத் தொட்டபோதெல்லாம் பிள்ளைகள் கைதட்டினார்கள். இரண்டாம் மாதம் அவர்களுக்கு அலுத்துவிட்டது.

அவர்கள் வீடு பெஹாலாவில். லாரிகள் எழுந்திருக்கும் முன் டயமண்ட் ஹார்பர் சாலையில் சைக்கிள் விட்டாள். சந்துகளில் ஓடினாள். முதல் வாரம் தெரு நாய்கள் துரத்தின. இரண்டாம் வாரம் கூட ஓடின. மூன்றாம் வாரம் படுத்துக்கொண்டே பார்த்தன.

வெயில், மழை, பூஜை விடுமுறை எதற்கும் ஞாயிற்றுக்கிழமை காலை மாறவில்லை. வாரத்தில் அந்த ஐந்து மணி நேரம் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. குளத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தது. கேட்டாலும் காதில் விழாது.

அதைத்தான் அவள் பணயம் வைத்திருந்தாள். தோற்றால் ஞாயிறு காலை ஏழு மணி. முந்திரி.

*

ரங்கநாதன் துறைமுகத்தில் பண்டகசாலை அதிகாரி. முப்பது வருடத்தில் அவர் கையில் ஒரு பெட்டியும் இடம் மாறிப் போனதில்லை. இதை அவர் அடிக்கடி சொல்வார். செயற்குழுவில் சிரித்த பாவத்துக்குப் பரிகாரமாக, போட்டிச் சாமான்களின் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். குளிர்பதனப் பெட்டியின் கதவில் பட்டியல் ஒட்டினார். பட்டியலுக்கு ஒரு நகலும் ஒட்டினார்.

மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை ஐந்நூறு அச்சடித்திருந்தார்கள். இருநூறு மிஞ்சிற்று. அவ்வளவையும் அவர் ரயிலில் கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து வீட்டில் எல்லாமே அந்தப் பையில்தான். வெங்காயம், பழைய ரசீது, இஸ்திரிக்குப் போகும் துணி, இஸ்திரியிலிருந்து வரும் துணி. சாய்பிரியா விடுமுறையில் வந்தபோது தன் பெயரும் புருஷன் பெயரும் போட்ட பையில் கத்தரிக்காயைப் பார்த்து, "அப்பா, ப்ளீஸ்," என்றாள்.

சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடத் தொடங்கும் இடத்தில் ஷூவும் சாக்ஸும் ஒரு பையில் காத்திருக்க வேண்டும். பை அவரவர் பை. எண் மட்டும் போட்டி நடத்துபவர்கள் தருவார்கள்.

"பைக்கா நமக்குப் பஞ்சம்?" என்றார் ரங்கநாதன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளி தை வெள்ளி. வைதேகி எட்டுப் பேரைத் தாம்பூலத்துக்கு அழைத்தாள். ஐந்து பேர் வந்தார்கள். வராத மூன்று பேருக்கு வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் நான்கு பைகள் வரிசையாக நின்றன. மூன்றில் தேங்காய். ஒன்றில் ஷூ. நான்கிலும் ரங்கநாதன் முடிச்சுப் போட்டிருந்தார். தேங்காயும் லட்டும் சேர்ந்தால் ஒரு ஜோடி ஷூவின் கனம் வரும்.

"எடதுலேர்ந்து நாலாவது உன்னுது," என்றார். "நம்பர் வந்ததும் ஒட்டிடறேன்."

இருவரும் நியூ டவுன் போய் எண்ணை வாங்கி வந்தார்கள். அவர் இடதுபுறத்திலிருந்து நான்காவது பையில் ஒட்டினார். மற்ற மூன்றையும் காரில் வைத்துக்கொண்டு பாலிகஞ்ச் போனார், டாலிகஞ்ச் போனார், கடைசியில் லேக் கார்டன்ஸ் போய்த் தமயந்தியிடம் கொடுத்தார்.

"பரமசிவம் சோபால உக்காந்து ஏதோ ஃபைலைப் படிச்சிண்டிருந்தார்," என்றார் திரும்பி வந்து. "தலையே நிமிரலை."

ஞாயிறு விடிகாலை ஏரிக்கரையில் வைதேகி பையைப் பிரித்துப் பார்க்கப் போனாள்.

"பிரிக்காதே," என்றார் ரங்கநாதன். "நான் போட்ட முடிச்சு."

அவள் பிரிக்கவில்லை.

*

இப்போது பந்தலில் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு வைதேகி யோசித்தாள். சனிக்கிழமை நியூ டவுனுக்குக் கிளம்பும் முன் அவள் மேஜையைத் துடைத்தாள். துடைப்பதற்காகப் பைகளை நகர்த்தினாள். நகர்த்தியவற்றை வரிசையாகத்தான் திருப்பி வைத்தாள். எந்த வரிசை என்பது இப்போது நினைவில்லை.

இதை ரங்கநாதனிடம் சொல்வதில்லை என்று அங்கேயே முடிவு செய்தாள்.

கால்களைப் பார்த்தாள். சைக்கிள் விடும்போது அவள் பட்டைச் செருப்புதான் போடுவாள். கரியாஹாட் நடைபாதையில் வாங்கியது. மூன்று பட்டை, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். காய்கறி வாங்கி வர நல்ல செருப்பு. இருபத்தொரு கிலோமீட்டருக்கு எப்படி என்று யாரும் பார்த்ததில்லை.

ரவிக்கைத் துணியைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். கைத்தறி. எளிதில் கிழியவில்லை. நீளநீளமாக நான்கு துண்டு. பாதத்திலும் குதிகாலிலும் சுற்றி, மேலே செருப்பை மாட்டி இறுக்கினாள். லட்டில் பாதியை வாயில் போட்டாள். மீதியை வெற்றிலையில் மடித்துப் பின்பக்கப் பையில் செருகினாள். தேங்காயைத் தன்னார்வலர் பெண்ணிடம் கொடுத்தாள்.

"பார்த்துக்கோ."

பெண் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

மணி பதினொன்று ஐம்பது.

*

ஓட்டம் ஏரியைச் சுற்றி. ஒரு சுற்று ஏழு கிலோமீட்டர். மூன்று சுற்று.

முதல் இரண்டு கிலோமீட்டர் செருப்பு சத்தம் போட்டது. பிறகு அந்தச் சத்தத்துக்குக் கால் பழகிவிட்டது. பச்சைத் துணியின் நுனிகள் கணுக்காலுக்குப் பின்னால் பறந்தன. டீக்கடை பெஞ்சில் மண் குவளையோடு உட்கார்ந்திருந்த நான்கு கிழவர்கள் செய்தித்தாளை இறக்கினார்கள்.

"ஜோரே, காக்கிமா, ஜோரே!" என்று ஒருவர் கத்தினார். வேகமாக என்று அர்த்தம். அவர் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார்.

ஆறாவது கிலோமீட்டரில் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரங்கநாதன் நின்றார். மூன்று மணிக்கு எழுந்தவர். காரில் தூங்கிவிட்டிருக்கிறார். கன்னத்தில் சீட் உறையின் பின்னல் பதிந்திருந்தது.

"ஷூ எங்கேடி?"

"பைல தேங்கா இருந்தது."

அவர் தடுப்பை ஒட்டி நடந்தார். பிறகு ஓடினார். "எந்தப் பைல?"

"நூத்திப் பதினேழுல."

"இருக்காது. நம்பரை நானே ஒட்டினேன்."

"ஒட்டினதெல்லாம் நன்னாத்தான் ஒட்டியிருக்கேள்."

அவர் நின்றுவிட்டார். முப்பது வருடம் அவர் முகத்திலிருந்து இறங்குவதை அவள் பார்த்தாள். பாவமாக இருந்தது. மேஜையைத் துடைத்ததைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். மூச்சு மிச்சமில்லை. அதனால் சொல்லவில்லை.

முதல் சுற்று முடியும் இடத்தில் அவர் மறுபடி நின்றிருந்தார். குறுக்கு வழியில் வந்திருக்க வேண்டும். சாக்ஸோடு நின்றார். அவருடைய ஷூ கையில் இருந்தது.

"எட்டாம் நம்பர். உனக்குக் கொஞ்சம் பெரிசு. துணியைத் திணிச்சுக்கோ."

"வாங்கக் கூடாதுன்னா. வெளில யார்கிட்டேர்ந்தும் எதுவும் வாங்கக் கூடாது. தண்ணிகூட. வாங்கினா வெளில அனுப்பிடுவா."

"புருஷன்கிட்டகூடவா?"

"புருஷன்கிட்டத்தான் மொதல்ல."

அடுத்த முறை அவரைப் பார்த்தபோது அவர் காதில் ஃபோன் இருந்தது. கையை வீசிக் கத்தினார்.

"உன் ஷூ தமயந்தி மாமி ஆத்துல இருக்காம்!"

அவள் கையை மட்டும் அசைத்தாள்.

"முடிச்சைப் பிரிக்காம அப்படியே சுவாமி அலமாரில வெச்சுட்டாளாம்! காலம்பற விளக்கேத்தி, கற்பூரம் காட்டி, அப்பறம்தான் பிரிச்சிருக்கா!"

பக்கத்தில் ஓடிய ஒரு பையன் தமிழ் தெரியாமலே சிரித்தான். வைதேகியும் சிரித்தாள். அதனால் இருபது அடி தூரத்துக்கு மூச்சு கெட்டது.

"கொண்டு வந்துண்டிருக்கா!" என்றார் ரங்கநாதன் பின்னாலிருந்து.

கொண்டு வந்து என்ன செய்வது என்று அவள் கேட்கவில்லை.

*

இரண்டாவது சுற்று முடியும்போது மணி ஒன்று ஐம்பத்திரண்டு. மிச்சம் ஏழு கிலோமீட்டர். அறுபத்தெட்டு நிமிடம். நல்ல காலில் இது ஒன்றுமில்லை. அவள் கால் நல்ல காலாக இல்லை. வலது குதிகாலில் கொப்புளம் உடைந்து பச்சைத் துணியில் ஒரு கறுத்த வட்டம் விழுந்திருந்தது.

அந்த இடத்தில் தடுப்பு இருநூறு மீட்டர் நீளம். பரமசிவம் நடுவர் மேஜைக்கு நேர் எதிரில் நின்றார். மடிப்புக் கலையாத பேன்ட். கழுத்தில் மஃப்ளர். நீட்டிய கையில் அவளுடைய ஷூ.

"வைதேகி! இந்தாம்மா, ஒன் ஷூ!"

அவள் வேகம் குறைந்தது. அவளாகக் குறைக்கவில்லை. கால்தான் குறைத்தது. ஷூ சாம்பல் நிறம். உள்ளே மெத்தென்ற துணி. சாக்ஸ் உருண்டையாக உள்ளே இருந்தது. ரங்கநாதன் உருட்டியது. ஷூவின் நாக்கில் ஒரு செம்பருத்தி இதழ் ஒட்டியிருந்தது. தமயந்தி வீட்டு சாமியுடையது.

"காலைப் பாரும்மா. ரத்தம் வருதுல்லா. போட்டுக்க."

அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது.

"யாரும் பாக்கல," என்று அவர் உரக்கச் சொன்னார்.

நடுவர் நிமிர்ந்து பார்த்தார்.

வைதேகியின் கை நீண்டது. விரல் லேஸில் பட்டது. லேஸ் காய்ந்து, சுத்தமாக, மென்மையாக இருந்தது. நடுவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம், அண்ணாச்சி. வெளியாள்கிட்ட வாங்கக் கூடாது."

"நான் வெளியாளா?" அவர் தடுப்பை ஒட்டியே வந்தார். ஷூ அவர் கையில் ஆடியது. "ஒன்பது வருசமா மன்றத்துல ஒரு குடும்பமா இருக்கோம். நான் வெளியாளா?"

"கூட ஓடவும் கூடாது, அண்ணாச்சி."

அவர் நின்றார். பத்தடிதான் ஓடியிருந்தார். தடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அடுத்த வருடம் அவர் ஓட வேண்டியது ஐந்து கிலோமீட்டர்.

*

மூன்றாவது சுற்றில் வைதேகி வலியை எண்ணவில்லை. வேறு ஒன்றை எண்ணினாள்.

பதினைந்தாவது கிலோமீட்டரில் ஏழு மணிக் கூட்டத்தை நினைத்தாள். பதினாறில் நாற்பது அம்மாக்கள். என் பிள்ளைக்கு ஏன் மரம் வேஷம் என்று ஒவ்வொருத்தியும் தனித்தனியாக ஃபோனில் கேட்பதை முழுமையாக ஓடவிட்டாள். ஒரு கிலோமீட்டர் போனதே தெரியவில்லை.

பதினேழில் செருப்பின் நடுப்பட்டை பிய்ந்தது. உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று குளத்தில் ஒரு பையன் சொல்லியிருந்தான். கணுக்காலில் இருந்த துணியை அவிழ்த்து, செருப்பையும் பாதத்தையும் சேர்த்து, மருதாணி வைத்த காலைக் கட்டுவதுபோலக் கட்டினாள். மூன்று நிமிடம் போயிற்று. பையன் சொன்னது சரிதான். சாலையோரக் கல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

பதினெட்டில் மைக் செட். பத்தொன்பதில் முந்திரி. வெற்றிலையைப் பிரித்து மீதி லட்டைத் தின்றாள். அதில் முந்திரி இருந்தது. எண்ணாமல் விழுங்கினாள்.

டீக்கடைக் கிழவர்கள் இப்போது எழுந்து நின்றார்கள். பெஞ்சு காலியாக இருந்தது.

"ஜோரே, காக்கிமா!"

இருபதில் எதுவும் நினைவுக்கு வரவில்லை. செருப்புச் சத்தம் மட்டும்.

கோட்டுக்கு மேலே பெரிய கடிகாரம் தொங்கியது. அவள் அடியில் போனபோது இரண்டு ஐம்பத்தேழு ஆகி இருபது விநாடி.

*

புல்லில் உட்கார்ந்தாள். ஒருவர் கழுத்தில் பதக்கத்தை மாட்டினார். தன்னார்வலர் பெண் தேங்காயைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். மூன்று மணி நேரம் அதைக் கீழே வைக்கவில்லையாம். அவளும் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

ரங்கநாதன் இன்னும் சாக்ஸோடுதான் இருந்தார். ஷூவைக் கையில் பிடித்திருந்தார். போட்டுக்கொள்ள மறந்துவிட்டார்.

"பை மாறிடுத்து," என்றார். "முப்பது வருஷத்துல மொதல் தடவை. எப்படின்னே புரியலை."

"விடுங்கோ," என்றாள் வைதேகி பெருந்தன்மையாக. "யாருக்குத்தான் மாறாது."

தமயந்தி கீழே உட்கார்ந்து வைதேகியின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்தாள். துணியை மெல்ல அவிழ்த்தாள்.

"இது எனக்கு வச்ச ரவிக்கைத் துணியா?"

"ஆமாக்கா."

"நல்ல கலரு," என்றாள் தமயந்தி. தொடர்ந்து அவிழ்த்தாள். "ஷூவைப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. சாமி முன்னால ஷூவை வச்சிட்டேனேன்னு ஒரு பக்கம், நீ எதைப் போட்டுக்கிட்டு ஓடுவன்னு ஒரு பக்கம். ரங்கநாதன் சார் ஃபோனை எடுக்கவே இல்ல. இவியதான் ஓடிப்போய் டாக்சி புடிச்சாவ. இவ்வளவு சுறுசுறுப்பா இவியள நான் பாத்ததே இல்ல. போட்டி வாசல்ல இருக்கவன்ட்ட குடுத்துருவோம்னேன். இல்ல, நானே அவ கைல குடுக்கேன்னாவ."

"நல்ல மனசு," என்றார் ரங்கநாதன். உண்மையாகவே சொன்னார்.

பரமசிவம் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். வைதேகியின் ஷூ அவர் காலடியில் இருந்தது. மஃப்ளரைக் கழற்றி மறுபடி சுற்றிக்கொண்டார். அருகில் வந்தார்.

"ஒத்துக்கிடுதேன். முடிச்சிட்ட. ரெண்டு நிமிசம் மிச்சம் வச்சே முடிச்சிட்ட."

"ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட், அண்ணாச்சி."

ரங்கநாதன் ஒரு தாம்பூலப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அடுத்த வருடத்துக்கான விண்ணப்பம். பாதி ஏற்கெனவே நிரப்பியிருந்தது. பெயர்: பரமசிவம். பிரிவு: அறுபதுக்கு மேல். தூரம்: சிறியது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். பேனாவையும் நீட்டினார்.

பரமசிவம் ஏரியைப் பார்த்தார். ஏரி பெரிதாக இருந்தது.

"நீச்சல்லாம் எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சு."

"எழுநூத்தம்பது மீட்டர்தான்," என்றாள் வைதேகி. "எங்க குளத்துல ஏழு வயசுப் பசங்க நீந்தறா. உங்களுக்குக் கைதட்டச் சொல்றேன். மொதல் மாசம் தட்டுவா."

தமயந்தி சிரித்தாள். தன்னார்வலர் பெண்ணும் சிரித்தாள். பரமசிவம் தாளைத் தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்ததும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. தோற்றவர் தாராளமாகப் பேசலாம்.

"என்ன இருந்தாலும் வைதேகி உறுதியைச் சொல்லணும், ரங்கநாதன் சார். கால் அந்தக் கெதியில இருக்கு, ஷூ கைக்கு எட்டுது, லேஸைத் தொட்டும் தொட்டுட்டா. இன்னொருத்தின்னா வாங்கியிருப்பா. வாங்கியிருந்தா விதி பதினாலு பி. அந்த நிமிசமே வெளிய அனுப்பியிருப்பான். எச்சரிக்கைகூடக் கெடையாது."

ரங்கநாதன் பேனாவை மூடினார். மூடி கிளிக் என்றது. வைதேகி தேங்காயை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

அவிழ்த்துக்கொண்டிருந்த தமயந்தியின் கை நின்றது.

"ஏங்க," என்றாள். "நேத்து சாயங்காலம் டிவிகூடப் போடாம சோபால உக்காந்து படிச்சியளே, அது இதுதானா?"